படத்தில் வராத கழுத்து

என் உயரம் மூன்றடி நான்கு அங்குலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா, முதியோர் பென்ஷன், பெயர் விட்டுப்போன ரேஷன் கார்டு என்று ஊராரின் கோபத்தையெல்லாம் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று மாற்றி மாற்றி எழுதியே எனக்கு வயதாகிவிட்டது. இந்த ஒன்றைத் தாழ்மையுடன் எழுதுவதாக இல்லை.

போன மாதம் கருணாபுரத்திலிருந்து ஒரு பெண் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். உதவித்தொகை மனு வேண்டுமாம். மகளுக்கு ஆறு வயது. முன்னால் துருத்திய நெஞ்செலும்பு, தோளுக்குள் புதைந்த கழுத்து, தொளதொளவென்று ஆடும் மணிக்கட்டு. கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற உடம்பு. தாய் பையிலிருந்து எம்ஆர்ஐ படத்தை உருவிக் காட்டினாள். வரிசை வரிசையாக மூளை.

"கழுத்த எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. தலையில ஒன்னும் இல்லன்னுட்டாங்க. சந்தோசமா வந்துட்டோம்."

அன்றைக்கு அவளுக்கு உதவித்தொகை மனு எழுதவில்லை. கழுத்தையும் முதுகுத்தண்டையும் உடனே படம் எடுக்கச் சொல்லி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, அவளை பஸ் ஏற்றிவிட்டு, மேசையை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தலையைப் படம் எடுத்தபோது எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் போகும் வழியில் எங்கள் ஊர். அம்மா பச்சையம்மாள், நைனா கொளஞ்சி. இரண்டு பேரும் கழனி வேலை. நான் பிறந்தபோது எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தேனாம். மூன்று வயதுக்கு மேல் வளரவில்லை. முட்டி இரண்டும் உள்பக்கம் வளைந்தன. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போதே கால் பின்னிக்கொண்டது, அடிக்கடி பின்கழுத்து வலித்தது. ஊரில் எனக்கு வைத்த பெயர்களை எழுதி இந்தப் பக்கத்தை அசிங்கப்படுத்த விரும்பவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "மூளையில ஏதாவது இருக்கும், மெட்ராஸ் போய் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார். அப்போது எம்ஆர்ஐ எல்லாம் எங்கள் காதுக்கு எட்டவில்லை. சிடி ஸ்கேன்தான், அதுவும் மெட்ராஸில். அந்த வருடம் விளைந்த மணிலாக்கொட்டையை, நிலக்கடலையை, விற்ற காசு அத்தனையும் அந்த ஒரு படத்துக்குப் போனது.

மெட்ராஸில் எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒன்றுதான் குற்றவாளி என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். குளிர்ந்த அறை. நடுவில் பெரிய வளையம், அதற்குள் நுழையும் ஒரு பலகை. என்னைப் படுக்க வைத்து நெற்றியில் பட்டை கட்டினார்கள். எக்ஸ்ரே ஒரே பக்கத்திலிருந்து எடுக்கிற நிழல். சிடி ஸ்கேன் தலையைச் சுற்றிச் சுற்றி எடுத்து, வெங்காயத்தை வட்ட வட்டமாக அரிந்த மாதிரி வில்லை வில்லையாகக் காட்டும். வலிக்காது. பயம் மட்டும்தான்.

வலித்தது வேறொன்று. டாக்டர் என் அம்மாவைப் பார்த்து, "கொழந்த பேசுமா? சொன்னா புரிஞ்சிக்குமா?" என்று கேட்டார்.

"பேசுங்க, நல்லா பேசும். வாய் கொஞ்சம் ஜாஸ்திங்க," என்றாள் அம்மா.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை நான் அதற்குள் மூன்று முறை படித்து முடித்திருந்தேன். உடம்பு குட்டையாக இருந்தால் அறிவும் குட்டையாக இருக்கும் என்று எந்தப் பாடப் புத்தகத்தில் படித்தாரோ தெரியவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் கழுத்து வலிக்கிறது என்று சொல்லியிருப்பேன். தலையை மட்டும் எடுக்கச் சொல்லிச் சீட்டு வந்தது, தலையை மட்டும் எடுத்தார்கள். மண்டை ஓடு முடிகிற இடத்தோடு படமும் முடிந்தது. என் உயிரைத் தொங்கவிட்டிருந்த எலும்பு அதற்கு ஒரு அங்குலம் கீழே இருந்தது.

"மூளை நார்மல். ஒண்ணும் இல்லம்மா. சத்தான ஆகாரம் குடுங்க," என்று அனுப்பிவிட்டார்கள்.

அம்மா அந்த அறை வாசலிலேயே அழுதாள். பிள்ளைக்கு மூளையில் கட்டி இல்லை என்று தெரிந்தால் மலையடிவாரத்துக் குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாளாம். அடுத்த வாரமே உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் மாட்டு வண்டி கட்டிப் போனோம். பொங்கல் வைத்தார்கள், கிடா வெட்டினார்கள். எல்லாரும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். 'ஒன்னும் இல்லையாமே' என்பது அன்றைக்கு எங்கள் சொந்தத்தில் ஒரு பாட்டு மாதிரி ஆகிவிட்டது. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

மொட்டை அடித்து முடித்து, தலையில் சந்தனம் பூசப் போனார் சவரம் செய்தவர். நைனா தடுத்தார்.

"கழுத்து வலிக்குது கழுத்து வலிக்குதுன்னு உயிர வாங்குது. ஒரு சொடக்கு எடுத்து வுடுப்பா."

எங்கள் பக்கம் முடி வெட்டி முடித்ததும் தாடையையும் பின்மண்டையையும் பிடித்துக் கழுத்தைச் சட்டென்று ஒரு திருப்பு திருப்பிச் சொடக்கு எடுப்பார்கள். பாரம் இறங்கிவிடும் என்பார்கள். பெரியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிற சுகம் அது.

அவர் தயங்கினார். "சின்னப் புள்ள, வேணாங்க."

"ஒன்னும் ஆவாது, எடு. மெட்ராஸ்லயே படம் புடிச்சி ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

அவர் எடுத்தார். கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. கழுத்திலிருந்து கைவிரல், கால்விரல் வரைக்கும் சுரீரென்று இறங்கியது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஈரத்துணி மாதிரி அப்படியே சுருண்டேன்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் படமா இருந்தது? படம் எடுத்தவர்கள் கையில் இருந்தது.

மயக்கம் தெளியட்டும் என்று மத்தியானம் வரை தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். காலும் வரவில்லை, கையும் வரவில்லை. அப்போது பூசாரி நைனாவைத் தனியே அழைத்தார். தனியே என்றாலும் நான் படுத்திருந்த இடத்துக்கு இரண்டடி தள்ளித்தான். எனக்குப் புரியாது என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது.

"சாமி காரியத்துல கெட்டது நடந்துச்சின்னு வெளியில வாயத் தொறக்காத. சொன்னா அது வூட்டையே புடிச்சிக்கும். வுழுந்துட்டுதுன்னு சொல்லு."

வேண்டுதல் அம்மாவுடையது. சொடக்கு எடுக்கச் சொன்னது நைனா. இரண்டு பேருக்கும் வாயை மூடிக்கொள்ள ஆளுக்கொரு காரணம் கிடைத்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "என்ன ஆச்சு?"

"பாறை மேலேந்து வுழுந்துட்டுது சார்," என்றார் நைனா.

"இல்ல," என்றேன்.

நைனா என் காலை இறுக்கிப் பிடித்து அழுத்தினார். அழுத்துவதைக் கண்ணால் பார்த்தேன். காலுக்குத் தெரியவில்லை.

பாறையிலிருந்து விழுந்த பிள்ளை என்றதும் இடுப்பையும் முதுகையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கோணலாக இருக்கிறது, முறிவு இல்லை, மெட்ராஸ் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை கிளம்பினால், போக ரோடு இல்லை.

எண்பத்தேழாம் வருடம், எங்கள் ஜனத்துக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்ட போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. எங்கள் தெருவிலிருந்தே ஆள் போயிருந்தது. அந்தக் கோரிக்கை நியாயமானது என்று இன்றைக்கும் சொல்வேன். எங்கள் ஜனத்தில் படித்து உத்தியோகத்துக்குப் போனவர்களை அன்று ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் அன்று கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு நியாயத்தைப் பற்றியா யோசித்தேன், கழுத்தைப் பற்றித்தான் யோசித்தேன்.

ஒரு வேனில் கொஞ்ச தூரம். மரம் வந்ததும் இறக்கி, கட்டிலோடு தூக்கி அந்தப் பக்கம் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் ஏதாவது வண்டி கிடைக்கும் வரை நடை. வெட்டியவர்களே வந்து தூக்கினார்கள். கையில் கோடரியோடு ஓடிவந்தவர் எங்கள் தெருக்காரர்.

"இன்னாண்ணே, பாப்பாவுக்கு இன்னா ஆச்சி?"

"வுழுந்துட்டுதுடா," என்றார் நைனா. சொல்லச் சொல்ல அவருக்கே அது பழகிவிட்டது.

இடுப்பில்தான் அடி என்று எல்லாரும் இடுப்பை ஜாக்கிரதையாகப் பிடித்தார்கள். தலையை யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு மரத்தைத் தாண்டும்போதும் அது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருண்டது. "கழுத்தப் புடிங்க, கழுத்தப் புடிங்க" என்று கத்தினேன். அம்மா தலைமாட்டுக்கு வந்து, என் காது இரண்டையும் சேர்த்துத் தலையை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். உளுந்தூர்பேட்டை வரைக்கும் கட்டிலோடு கூடவே நடந்தாள், வேனில் முட்டி போட்டு உட்கார்ந்தாள், கையை எடுக்கவே இல்லை. அவள் உண்மையைச் சொல்லாததற்கு அவள் மேல் கோபம் உண்டு. அந்தக் கை இல்லாவிட்டால் அந்தக் கோபத்தைப் பட இன்று நான் இருந்திருக்க மாட்டேன் என்பதும் தெரியும்.

உளுந்தூர்பேட்டையில் போலீஸ் காவலோடு கிளம்பிய ஒரு வண்டியில் இடம் கொடுத்தார்கள். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி. முதலில் பார்த்தது ஒரு இடம், இது வேறு. இதற்கும் பெயர் எழுதவில்லை.

அங்கே ஆறு நாள் சும்மா கிடந்தேன். பெரிய டாக்டர் தினமும் பத்துப் பேரோடு வருவார். பழைய ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பிரெய்ன் நார்மல்" என்பார். இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்ப்பார். நகர்ந்துவிடுவார். ஒருவர், "பயத்துல நடக்க மாட்டேங்குது, கொஞ்சம் நடிக்குது" என்று கூட ஒரு நாள் சொன்னார். தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் அம்மா ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அளவுக்கு நடிக்கத் தெரிந்திருந்தால் கோடம்பாக்கத்துக்கு அல்லவா போயிருப்பேன். மூச்சு வேறு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. அது யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் யாரும் என்னிடம் பேசவில்லை.

ஆறாம் நாள் ரத்தம் எடுக்க ஒரு பயிற்சி டாக்டர் வந்தாள். சின்னப் பெண். முதல் தடவை ஊசி நரம்பில் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா இன்னொரு நர்ஸிடம், "கோட்டாவுல வந்ததுங்க எல்லாம் இப்படித்தான்" என்றாள். அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும், எனக்கும் கேட்டது. அந்த வார்த்தைக்காகத்தான் எங்கள் ஊரில் மரம் விழுந்துகொண்டிருந்தது.

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"உன் பேரு இன்னா?"

இத்தனை ஆஸ்பத்திரியிலும் சேர்த்து என்னிடம் முதன்முதலில் கேட்கப்பட்ட கேள்வி அது. பேச்சைக் கேட்டதும் திண்டிவனம் பக்கத்து ஆள் என்று தெரிந்தது.

"அஞ்சல."

"எத்தினாவது படிக்கிற?"

"நாலாவது."

"எப்படி வுழுந்த நீ?"

நைனா டீ வாங்கிக்கொண்டு வந்து கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார். சொன்னால் சாமி வீட்டைப் பிடிக்கும். சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். ஒன்பது வயதில் கணக்கு எனக்குச் சரியாகவே வந்தது.

"நான் வுழல," என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னேன். "மொட்ட போட்டப்போ... கழுத்தத் திருப்புனாங்க. அப்பவே காலு போயிடுச்சி."

"கொழந்த உளறுதும்மா," என்றார் நைனா.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கய்யா," என்றாள் அவள். பிறகு ஓடிப்போய் இரண்டு மணல் பைகளைக் கொண்டுவந்து என் கழுத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தாள். "ஆடாத. யாரு வந்து தூக்குனாலும் கத்து. கத்துவியா?"

"கத்துவேன்," என்றேன். அதில் எனக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

அன்று மாலைக்குள் கழுத்து எக்ஸ்ரே. மறுநாள் மையெலோகிராம். அதாவது, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரில் ஒரு மருந்தை விடுவார்கள். பலகையைத் தலைப்பக்கம் சாய்த்தால் மருந்து தண்டுவடத்தை ஒட்டியே ஓடும், அது போகும் வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். எங்கே நிற்கிறதோ அங்கே நெருக்குகிறது என்று பொருள். எனக்கு மூச்சுக்குழாய் குறுகலாக இருந்ததால் மயக்கம் கொடுக்கப் பயந்தார்கள். முழித்துக்கொண்டிருக்கும்போதே செய்தார்கள். தலைகீழாகச் சாய்த்த பலகையில் கட்டுண்டு கிடந்தேன். அந்தப் பெண் என் தலையைப் பிடித்துக்கொண்டு, வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். ஏழாம் வாய்ப்பாட்டில் இருக்கும்போது மருந்து என் கழுத்தில் நின்றது. ஸ்கேனையும் அந்த இடத்தில் எடுத்துப் பார்த்தார்கள்.

பெரிய டாக்டர் அதற்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினார். திரிகையில் அடிக்கல்லின் நடுவில் ஒரு முளை இருக்குமே, மேல்கல் நகராமல் சுற்றுவதற்கு, அதே மாதிரி கழுத்தின் இரண்டாவது எலும்பில் ஒரு முளை உண்டு. எனக்கு அது வளரவே இல்லை. மேல் எலும்பு தன் இஷ்டத்துக்கு வழுக்கித் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. காரணம், பிறவியிலேயே உடம்பில் ஒரு நொதி இல்லை. எல்லார் உடம்பிலும் சேரும் ஒருவகைச் சர்க்கரைக் கழிவை உடைத்து வெளியேற்றும் நொதி அது. இல்லாவிட்டால் கழிவு எலும்பிலும் குருத்தெலும்பிலும் தேங்கிப்போகும். நோயின் பெயர் மியூகோபாலிசாக்கரிடோசிஸ், நான்காம் வகை. எனக்கு வந்த வகையில் மூளைக்குச் சேதம் வராதாம். கழுத்துக்குத்தான் வருமாம். எல்லாரும் மூளையைப் படம் எடுத்தார்கள், பெருமையாக நார்மல் என்றார்கள். முதல் ஸ்கேனிலேயே கழுத்தையும் சேர்த்திருந்தால், நசுங்குவதற்கு முன்னாலேயே எலும்பைக் கட்டிப்போட்டிருக்கலாம் என்று அவரே சொன்னார். வாய் தவறிச் சொன்னாரா, மனசு கேட்காமல் சொன்னாரா தெரியாது.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார்கள். அக்காள் மகளைக் கட்டியவர் நைனா. அம்மாவுக்கு அப்போது வயது பதினைந்து. அவளை யாரும் கேட்டுக் கட்டிவைக்கவில்லை. ஆனால் அந்த வார்டில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது அவள் ஒருத்திதான். நைனா வெளியே நின்றார்.

இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி எடுத்துக் கழுத்தில் வைத்துக் கம்பி போட்டுக் கட்டினார்கள். மண்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு, நான்கு மாதம். அரிப்பெடுத்தால் அம்மா தென்னங்குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்துவிடுவாள். மூச்சு திரும்பியது. கைகள் திரும்பின. வலது கால் பாதி வந்தது. இடது கால் வரவில்லை. மொட்டை போட்ட இடத்துக்கும் மருந்து நின்ற அந்தப் பலகைக்கும் நடுவே எட்டு ஒன்பது நாள் போயிருந்தது. அந்த நாட்களோடு போன கால் அது.

நான்கு வருடம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். பதின்மூன்று வயது, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். பதிவறையில் கிளார்க் என் கோப்பைத் தேடி எடுத்து மேசையில் வைத்துவிட்டு முத்திரை எடுக்க உள்ளே போனார். முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது: உயரத்திலிருந்து கீழே விழுந்ததால் ஏற்பட்டது. புரட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிய தாளிலும் அதுவே. நான் சொன்னது எங்கேயும் இல்லை. அந்தப் பயிற்சி டாக்டர் ஏதாவது துண்டுச் சீட்டில் எழுதியிருப்பாள், சீட்டு போயிருக்கும். என் மூச்சைச் செலவு பண்ணிச் சொன்ன வார்த்தைக்கு அந்தக் கட்டிடத்தில் ஒரு வரி இடமில்லை.

மேசையிலிருந்த பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடித்தேன். மேலே தமிழில் எழுதினேன்: விழவில்லை. மொட்டை போட்டபோது கழுத்தைத் திருப்பினார்கள்.

கிளார்க் பார்த்துவிட்டார். "ஏய், கவர்மெண்ட் ரெக்கார்டுல கை வெக்கிறியா? யாரோட புள்ள இது?"

நைனா கதவோரமாக நின்றிருந்தார். மெதுவாக உள்ளே வந்தார்.

"எம் பொண்ணுதான் சார்."

"கிறுக்கி வச்சிருக்கா பாருங்க. எது நெசம்னு யாருக்குத் தெரியும்?"

நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதிய வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா எழுதியிருக்குது பாப்பா?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"அதான் சார் நெசம்," என்றார். "வுழுந்துட்டுதுன்னு பொய் சொன்னது நானு. கழுத்தத் திருப்பச் சொன்னதும் நாந்தான்."

"அப்ப பக்கத்துல கையெழுத்துப் போடுங்க," என்றார் கிளார்க், எரிச்சலில். நைனா கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, என் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மை காயும் வரை விரலை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றது. நைனா இறங்கிப்போய் ஜன்னல் வழியாக எனக்கு ஒரு டீ நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன்.